பிள்ளையின் கையில் ஒரு கடைத்தெரு

பெற்றோர்களே! இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்குகிற நேரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளை ஒரு மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறான். 'வெளியே சுற்றாமல் வீட்டோடு இருக்கிறானே' என்று நமக்கும் ஒரு நிம்மதி. ஆனால், அவன் உண்மையில் வீட்டில்தான் இருக்கிறானா?

இல்லை. அவன் ஒரு பெரிய கடைத்தெருவின் நடுவே தன்னந்தனியாக நிற்கிறான். நாலா பக்கமும் வியாபாரிகள் அவனைக் கூவி அழைக்கிறார்கள். அவனுக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்த விளையாட்டில் ஆசை, எந்த நேரத்தில் மனம் இளகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணிக்குச் சிரம்பான் பட்டணத்தில் தனியே விட்டுவிட்டு வருவோமா? மாட்டோம். கைப்பேசியில் மட்டும் எப்படி விட்டுவிடுகிறோம்?

முகம் தெரிந்த வியாபாரி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வியாபாரி புதியவர் அல்லர். சம்பளம் போட்டதும் சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தவரை நாம் அறிவோம். அரிசி, பருப்பைக் கொடுத்துவிட்டுப் பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட கடைக்காரரையும் அறிவோம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சம்பள நாளில் வாங்கிய காசு கடைக்கும் கள்ளுக்கடைக்கும் போய், வெறுங்கையோடு வீடு திரும்பிய குடும்பத் தலைவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் அன்றைக்கு ஒரு நன்மை இருந்தது. விற்பவரின் முகம் நமக்குத் தெரிந்திருந்தது. அவர் துணியை விரித்துக் காட்டும்போது பக்கத்து வீட்டு அக்காவும் எதிர் வீட்டுப் பாட்டியும் கூடவே நிற்பார்கள். "இது சாயம் போகும் துணி" என்று ஒருவர் சொல்வார். "இந்த மாதம் வேண்டாங்க, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று அம்மா சொல்லி அனுப்புவார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். 'வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது' என்ற பாடத்தை அது புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்டது.

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. முதல் தனியார் நிலையம் 1984இல் வந்தது. வியாபாரி அப்போது வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டார். சிகரெட்டை நேரடியாகக் காட்டக்கூடாது என்று தடை வந்த பின்னரும், அந்தச் சிகரெட்டின் பெயரையே தாங்கிய சுற்றுலாவும் உடையும் இசை நிகழ்ச்சியும் வந்ததை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். விளம்பரம் வேடம் மாற்றிக்கொள்ளத் தெரிந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அன்று வீட்டில் இருந்தது ஒரே பெட்டி. குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. "எல்லாம் பொய்" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

இன்று லயத்தை விட்டுப் பலர் வந்துவிட்டோம். லின்சம், ஜெராம் பாடாங், கொம்போக் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் தோட்டங்கள் வாழ்கின்றன. நாமோ நீலாய், செனாவாங், பகாவ் தாமான்களில் குடியிருக்கிறோம். தோட்டத்திலேயே இருந்தாலும் சரி, தாமானில் இருந்தாலும் சரி, வியாபாரி இப்போது பிள்ளையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டார். முகம் காட்டாமல் வந்திருக்கிறார். பக்கத்தில் பெரியவர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

இலவசம் என்னும் தூண்டில்

பள்ளி விளையாட்டுப் போட்டியன்று மைலோ வண்டி வந்து நிற்கும். வெயிலில் ஓடிக் களைத்த பிள்ளைகள் வரிசை பிடித்துச் சின்னக் குவளையில் சில்லென்று வாங்கிக் குடிப்பார்கள். அந்தச் சுவையை யாரால் மறக்க முடியும்? அந்த மைலோ நம் மாநிலத்திலேயே, ரெம்பாவ் மாவட்டத்துச் செம்போங்கில் தயாராகிறது. உலகின் மிகப் பெரிய மைலோ தொழிற்சாலை அதுதான் என்று சொல்லப்படுகிறது. யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. அந்த இலவசக் குவளையும் ஒரு விளம்பரமே என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து வயதில் குடித்த குவளை, முப்பது வயதில் கடைக்குப் போகும்போது கையை அந்த டின்னிடம் இழுத்துச் செல்கிறது.

கைப்பேசியில் வரும் 'இலவச' விளையாட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. இன்னும் நுட்பமாகச் செய்கிறது. முதல் பத்து நாள் எல்லாம் இலவசம். பிள்ளை அதில் தேறி, நண்பர்களும் சேர்ந்த பிறகு, 'புதிய வாள் வேண்டுமா? புதிய உடை வேண்டுமா? வைரக்கல் வாங்கு' என்று கேட்கும். 'இன்னும் இரண்டு மணி நேரம்தான்' என்று கடிகாரம் ஓடும். பெரியவர்களையே பதறவைக்கும் தந்திரம் அது. பிள்ளை என்ன செய்யும்?

விளையாட்டுச் சாமானைப் பிரித்துக் காட்டும் காணொளிகளும் அப்படியே. அமெரிக்காவில் ரயான் என்ற ஏழு வயதுச் சிறுவன், பொம்மைகளைப் பிரித்து விளையாடிக் காட்டியே 2018ஆம் ஆண்டில் யூடியூப்பில் மிக அதிகமாகச் சம்பாதித்தவர் ஆனான். அவன் வருமானம் 2 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலர் என்று போர்ப்ஸ் இதழ் கணக்கிட்டது. நம் பிள்ளை அதை 'இன்னொரு பையன் விளையாடுகிறான்' என்றுதான் பார்க்கிறது. அதற்குள் ஒரு கடை நடப்பது அதற்குத் தெரிவதில்லை.

பார்க்கிற பிள்ளையைப் பற்றிக் குறிப்பெடுப்பதும் நடந்திருக்கிறது. பெற்றோரின் அனுமதியின்றிச் சிறுவர்களின் விவரங்களைத் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு கூகலும் யூடியூப்பும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. நம் பிள்ளையின் ஆசைக்கும் சந்தையில் விலை உண்டு என்பது இதிலிருந்து விளங்கும்.

பிள்ளைக்குத் தெரியாதது எது?

அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று 2004ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது தங்களை வாங்கவைக்கும் நோக்கத்தோடு செய்யப்படுவது என்பதே விளங்காது என்று அது கூறியது. பார்த்ததை உண்மை என்று அப்படியே நம்பிவிடுவார்கள்.

கலிபோர்னியாவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 63 பேருக்கு ஒரே உணவை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாளில், மற்றொன்று புகழ்பெற்ற துரித உணவுக் கடையின் தாளில் சுற்றப்பட்டிருந்தது. கடையின் தாளில் இருந்ததே ருசி என்று பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். கேரட்டுக்கும் பாலுக்கும்கூட இதே கதைதான்! பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. தாளின் படம் அவர்கள் நாக்கையே மாற்றிவிட்டிருந்தது.

இதனால்தான் கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரங்களை 1980ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. நம் அரசாங்கமும் 16 வயது நிரம்பாதவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்னும் முடிவை 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. சட்டம் வேலி போடும். ஆனால் வேலிக்குள் பயிரை வளர்க்க வேண்டியவர்கள் நாம்தானே?

நம் பாசத்துக்கு ஒரு விலை

இங்கே ஒன்றை மனம்விட்டுப் பேசுவோம். பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுக்கும்போது நம் மனத்தில் ஓடுவது என்ன? 'நாங்கள் பட்ட பாடு போதும். என் பிள்ளையாவது ஏங்காமல் வளரட்டும்.' கிழிந்த சப்பாத்தோடு பள்ளிக்குப் போன நினைவு நம்மில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. அது நியாயமான பாசம். ஆனால் விளம்பரம் குறிவைப்பது அந்தப் பாசத்தைத்தான். 'வாங்கிக் கொடுக்காத தாய் நல்ல தாயா?' என்று அது கேட்காமல் கேட்கிறது.

பிள்ளையின் பக்கமும் பாருங்கள். விலை உயர்ந்த சப்பாத்தை அது கேட்பது பெரும்பாலும் காலுக்காக அல்ல. வகுப்பில் மற்றவர்கள் சிரிக்கக்கூடாது என்பதற்காக. "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று வெடுக்கென்று சொன்னால், ஆசை போகாது; பிள்ளை நம்மிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும். முதலில் கேளுங்கள். "அது இல்லாததால் யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா, அய்யா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், சப்பாத்துக்குப் பின்னால் இருக்கும் வருத்தம் வெளியே வரும். வருத்தத்துக்கு மருந்து வேறு. சப்பாத்துக் கடையில் அது கிடைக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் பிள்ளை வளைந்துவிடாது. விற்பவரின் முகத்தை மறுபடியும் பிள்ளைக்குக் காட்டுவதே வழி.

முதலாவது, கூடவே உட்கார்ந்து பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒவ்வொரு காணொளிக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் யார் எதை விற்கிறார்? நாம் வாங்கினால் யாருக்குக் காசு? எதைச் சொல்லாமல் மறைக்கிறார்? கொஞ்ச நாளில் பிள்ளையே, "அம்மா, இது விளம்பரம்!" என்று கண்டுபிடித்துச் சிரிக்கும். கலிபோர்னியா சோதனையை வீட்டிலும் செய்யலாம். ஒரே பிஸ்கட்டை இரண்டு தாளில் சுற்றிக் கொடுத்து, பிறகு உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தைப் பிள்ளை எளிதில் மறக்காது.

இரண்டாவது, விலையை வேலை நாளாக மாற்றிச் சொல்லுங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 260 வெள்ளிச் சப்பாத்து என்றால் நான்கு நாள் உழைப்பு. "அப்பா நான்கு நாள் செம்பனைக் குலை வெட்டினால் இந்தச் சப்பாத்து" என்று சொல்லுங்கள். குத்திக் காட்டுவதற்காக வேண்டாம். கணக்குப் பாடமாகச் சொல்லுங்கள். பிறகு முடிவைப் பிள்ளையோடு சேர்ந்து எடுங்கள்.

மூன்றாவது, ஓர் ஆசைக் குறிப்பேடு வையுங்கள். அந்தக் காலப் பற்றுப் புத்தகத்தில் வாங்கியதை எழுதினோம். இதில் வாங்க ஆசைப்படுவதைத் தேதியோடு எழுதட்டும். முப்பது நாள் கழித்தும் அதே ஆசை இருந்தால் பேசலாம். பாதிக்கு மேற்பட்ட ஆசைகளைப் பிள்ளையே கோடு போட்டு அடித்துவிடுவதைக் காண்பீர்கள்.

நான்காவது, காசைக் கையில் கொடுங்கள். வாரக் காசை நோட்டாகவும் சில்லறையாகவும் கொடுத்து, ஒரு பங்கை உண்டியலில் போடச் சொல்லுங்கள். கண்ணால் பார்க்காத காசு செலவாவது தெரியாது. வங்கி அட்டையின் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைக்காதீர்கள்; கடவுச்சொல் பெரியவர்களிடமே இருக்கட்டும். இரவில் எல்லாக் கைப்பேசிகளும் வரவேற்பறையில் தூங்கட்டும்.

ஐந்தாவதுதான் கடினமானது. நாமும் மாற வேண்டும். பேஸ்புக் நேரலையில் சேலை விற்பவரிடம் அம்மா நள்ளிரவில் 'எனக்கு ஒன்று' என்று எழுதினால், அப்பா 11.11 மலிவு விற்பனைக்கு விழித்திருந்தால், பிள்ளை நம் அறிவுரையைக் கேட்குமா, நம் செய்கையைப் பார்க்குமா? 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்பது பழைய பற்றுப் புத்தகம் புதுச் சட்டை போட்டு வந்திருப்பதுதான். அதற்குக் கடிவாளம் போட 2025இல் நாடாளுமன்றம் ஒரு கடன் சட்டத்தை நிறைவேற்ற வேண்டி வந்ததே!

ஏமாந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் கூடாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வெறும் 5 வெள்ளி கட்டணத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுதும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

பத்து வெள்ளியின் கதை

இறுதியாக, பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள், உண்மைக் கதை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீதிக்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அந்தக் காசு சேர்ந்து மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்கு உழைத்தவர்கள் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்!

இன்று அதே 10 வெள்ளியைக் கைப்பேசி விளையாட்டில் ஒரு வைரக்கல்லுக்குப் பிள்ளை ஒரு நொடியில் கொடுத்துவிடுகிறது. அந்த வைரத்தைத் தொட முடியாது, விற்க முடியாது, தம்பி தங்கைக்குக் கொடுக்கவும் முடியாது. இரண்டு பத்து வெள்ளிகளையும் பிள்ளையின் முன் வைத்து, "எது பெரியது, கண்ணு?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை யோசிக்கட்டும். யோசிக்கத் தொடங்கிய பிள்ளையை எந்த வியாபாரியும் அவ்வளவு எளிதில் ஏமாற்றிவிட முடியாது.