டிவி ஓடும்போது கேமரா ஏன் உறங்குகிறது?

லாபு போன்ற தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த வீடுகளில் வாசலில் மாட்டிய வைஃபை கேமரா திருடனைப் பிடிக்க மட்டுமல்ல. அம்மா கேட்டைப் பூட்டினாரா, அப்பா நடமாடுகிறாரா என்று தூரத்திலிருந்து பார்க்கவும்தான்.

லாபுவில் என் பெற்றோர் வீட்டில் மூன்று கேமராக்கள் உள்ளன. பகலில் ஒழுங்காக வேலை செய்யும். இரவு எட்டு மணிக்கு அப்பா டிவி பாக்ஸைத் திறந்தால் போதும், என் கைப்பேசியில் வாசல் கேமரா 'ஆஃப்லைன்' ஆகிவிடும். டிவியிலும் படம் நின்று நின்று ஓடும். இருட்டிய பிறகுதான் கேமரா அதிகம் தேவை. அந்த நேரத்தில்தான் அது உறங்கியது.

இப்படி நடந்தால் உடனே கூடுதல் வேகப் பேக்கேஜுக்கு மாற வேண்டாம். முதலில் டிவி பாக்ஸைப் பத்து நிமிடம் அடைத்துப் பாருங்கள். கேமரா உயிர் பெற்றால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையில்தான். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

காரணம் எளிது. வைஃபை என்பது ஒற்றையடிப் பாதை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டுக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். டிவி பாக்ஸும் அதே பாதையில் நுழைந்தால் நெரிசல்தான். இரண்டு கல்சுவர் தாண்டி இருக்கும் வாசல் கேமராவுக்கு சிக்னல் குறைவு. அதனால் அது மெதுவாகப் பேசி, மற்றவற்றின் நேரத்தையும் தின்றுவிடும்.

சரிசெய்யும் வழிகளை இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலாவது, டிவி பாக்ஸை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். இடம் மாறாத கருவிக்கு வைஃபை எதற்கு? 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். சாதாரண கேபிளே தாராளம்.

இரண்டாவது, கேபிள் இழுக்க முடியாவிட்டால் ரவுட்டர் அமைப்பில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். பாக்ஸ் 5-இல், கேமராக்கள் 2.4-இல் இருக்கட்டும்.

மூன்றாவது, வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபையும் நம் வீட்டுக்குள் வரும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய சேனல்கள். இவற்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

நான்காவது, ரவுட்டரை டிவி அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். உயரமான, திறந்த இடமே நல்லது. மைக்ரோவேவ் அடுப்பும், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும், தள்ளி வையுங்கள்.

ஐந்தாவது, கேமரா ஓயாமல் படத்தை இணையத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பி, மற்றதை மெமரி கார்டில் பதியும்படி மாற்றலாம்.

இவ்வளவு செய்தும் இணையம் திணறினால் பாக்ஸையே சந்தேகியுங்கள். மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் சில, தீய மென்பொருளோடு வந்து, நம் இணைய இணைப்பைக் குற்றவாளிகளுக்கு வழியாக்குவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. வாங்கும்போதே மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். 2016-இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கேமராக்களைக் கைப்பற்றியது, யாரும் மாற்றாத அந்தக் கடவுச்சொற்களால்தான்.

எல்லாம் முடிந்ததும் பகலில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். இரவில் டிவி ஓடும் நேரத்தில், வீட்டு வைஃபையைத் துண்டித்து, கைப்பேசி டேட்டாவில் கேமராவைத் திறந்து பாருங்கள். அப்போதும் வாசல் தெளிவாகத் தெரிந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் நிம்மதியாக இருக்கலாம்.