வீடு வந்து சேரும் விமானம் எது?

கடல் கடந்து வாழும் நம் மக்கள் தாயகம் திரும்ப நாள் குறிக்கும் காலம் வந்துவிட்டால் பங்கு இல்லங்களிலும் ஒரு கேள்வி தவறாமல் எழும். "சாமி, பையன் கிறிஸ்துமசுக்கு வருகிறான். எந்த விமானத்தில் டிக்கெட் போடச் சொல்லலாம்?" ஞான ஆலோசனை நாடி வருவோரைவிட இக்கேள்வியோடு வருவோரே சில மாதங்களில் மிகுதி என்றால் அது மிகையாகாது.

இதில் வியப்பில்லை. விருத்தாசலத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அயல்நாட்டில் ஒருவரேனும் இல்லாத தெரு இன்று அரிது. வளைகுடா நாடுகளில் வெல்டர்களாகவும் ஓட்டுநர்களாகவும் பணிபுரிவோர் பலர். சிங்கப்பூரில் கட்டடப் பணி செய்வோர், செர்மனியிலும் பிரிட்டனிலும் செவிலியராய் இருப்போர், உரோமையில் துறவு மடங்களில் வாழும் அருட்சகோதரிகள், அமெரிக்காவில் கணிப்பொறி வேலையில் அமர்ந்தோர் எனப் பட்டியல் நீளும். இவர்கள் அனைவரும் ஆண்டுக்கொரு முறையோ, ஈராண்டுக்கொரு முறையோ வீடு திரும்புகின்றனர்.

நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தனர். 'ரஜூலா' என்றும் 'சிதம்பரம்' என்றும் ஓரிரு பெயர்களே அன்று எல்லோர் வாயிலும் இருந்தன. 1985ஆம் ஆண்டு 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்துக்குள்ளானதோடு அக்கப்பற் பயணமும் முடிவுற்றது. இன்றோ ஒரே ஊருக்குப் பத்து வழிகள், பத்து விலைகள்! தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பயணியின் தலையில் விழுந்துள்ளது.

பெரும்பாலோர் விலையொன்றையே பார்க்கின்றனர். நம் ஊராருக்கு இது பொருந்தாத பழக்கம். பீங்கான் சாமான் வாங்கும்போது நாம் விலையை மட்டுமா பார்க்கிறோம்? விரலால் சுண்டி, ஓசை கேட்டு, கணீரென்றால் எடுக்கிறோம். மங்கலாய் ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டென்று வைத்துவிடுகிறோம். பயணச்சீட்டையும் அவ்வாறே சுண்டிப் பார்க்க வேண்டும். வழியில் ஏதேனும் தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய ஓசை.

ஒரே சீட்டா, இரு சீட்டுகளா?

அண்மை ஆண்டொன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. ஒரு வியாழன் இரவு மூதாட்டி ஒருவர் இறைவனடி சேர்ந்தார். ஒரே மகன் வளைகுடாவில். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று உறவினர் முடிவு செய்து, உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தனர். மகன் அவசரத்தில் இணையத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்ததை வாங்கினார். மும்பை வரை ஒரு நிறுவனம். அங்கிருந்து சென்னைக்கு வேறொரு நிறுவனம். இடையே இரண்டேகால் மணி நேரம். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாயிற்று. குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி வருவதற்குள் இரண்டாம் விமானம் புறப்பட்டுவிட்டது. "உங்கள் முதல் விமானம் தாமதமானதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார்கள் அங்கே. அவர்கள் கூறியது சட்டப்படி சரியே. ஏனெனில் அவர் வாங்கியது ஒரு பயணம் அன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு பயணங்கள். மகன் ஞாயிறு காலை வந்து சேர்ந்தபோது கல்லறையின் மண் காய்ந்திருக்கவில்லை. நேராகச் சென்னைக்கு வரும் விமானத்துக்கு அன்று ஆறாயிரம் ரூபாயே கூடுதலாக இருந்தது.

ஆதலால் முதற் கேள்வி இதுவே: தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீட்டா? ஒரே சீட்டாயின், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் இடம் தந்து சேருமிடம் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. பெட்டிகளும் பெரும்பாலும் இறுதி நிலையம் வரை தாமே வந்து சேரும். இரு சீட்டுகளாயின் இரண்டும் நம் பொறுப்பே. இடைவழியில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் விசாவும் தேவைப்படலாம்.

இணையத்தில் சில விற்பனையாளர்கள் இரு சீட்டுகளை ஒட்டி ஒன்றுபோலக் காட்டுகின்றனர். கண்டுபிடிக்கும் வழி எளிது. முழுச்சேவை நிறுவனங்களின் சீட்டில் பதின்மூன்று இலக்க எண் ஒன்றிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பயணம் முழுமைக்கும் அவ்வெண் ஒன்றாகவே இருந்தால் அது ஒரே சீட்டு. வெவ்வேறு எண்களும் வெவ்வேறு முன்பதிவுக் குறியீடுகளும் இருப்பின் எச்சரிக்கை வேண்டும்.

ஒரே சீட்டாயினும் தில்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறுவோர் பெரும்பாலும் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டும். துபாய், தோகா, கொழும்பு போன்ற இடங்களில் மாறி நேரே சென்னைக்கு வருவோருக்கு இத்தொல்லை இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

எங்கே இறங்குவது?

விமான நிலையம் நம் வீடு அன்று. நமக்குச் சென்னையும் உண்டு, திருச்சியும் உண்டு. இருப்புப்பாதை வழியே எழும்பூர் விருத்தாசலத்திலிருந்து ஏறத்தாழ 213 கிலோமீட்டர். திருச்சிச் சந்திப்பு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். திருச்சியில் புதிய முனையம் 2024 சூன் முதல் பயன்பாட்டில் உள்ளது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா முதலிய நகரங்களிலிருந்து அங்கு நேரடி விமானங்கள் வருகின்றன. சிங்கப்பூரிலிருந்து வரும் நம் இளைஞருக்குச் சென்னையைவிடத் திருச்சியே பெரும்பாலும் ஏற்றது.

மேலைநாடுகளிலிருந்து வருவோருக்குச் சென்னையே வசதி. அங்கு இறங்குவோர் எழும்பூர் வரை செல்லத் தேவையில்லை. நிலையத்துக்கு எதிரே திரிசூலம் இருக்கிறது; மின்தொடர் வண்டியில் தாம்பரம் சேர்ந்தால் தெற்கே செல்லும் வண்டிகளைப் பிடிக்கலாம். பிற்பகலில் எழும்பூரிலிருந்து புறப்படும் வைகையும் பல்லவனும் தாம்பரத்திலும் நின்று நம் சந்திப்பிலும் நிற்கின்றன. எனவே காலையில் இறங்கும் விமானம் நமக்கு நல்லது. நள்ளிரவில் இறங்கும் விமானத்தில் மிச்சப்பட்ட ஈராயிரம் ரூபாய், பெட்டிகளோடு வாடகைக் கார் பிடிப்பதில் இரு மடங்காய்க் கரைவதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறோம்.

பெட்டியின் எடை

மலிவு விமானங்களில் விலை குறைவாயிருப்பதற்கு ஒரு காரணம், உணவும் பெட்டியும் சில சமயம் இருக்கையும்கூடத் தனித்தனியே விற்கப்படுவது. ஆகவே 30 கிலோ பெட்டிக்கும் சேர்த்துக் கூட்டிய பின்னரே ஒப்பிட வேண்டும். வளைகுடாத் தடங்களில் பொதுவாக மொத்த எடையைக் கணக்கிடுவர். அமெரிக்கத் தடங்களில் பெட்டியின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் எடையையும் கணக்கிடுவர். எங்காயினும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் ஏற்பது அரிது.

பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ உதவும் சட்டம் ஒன்றுண்டு. மாண்ட்ரியல் உடன்படிக்கை என்னும் அதில் இந்தியா 2009இல் இணைந்தது. 2024 டிசம்பர் இறுதி முதல் அதன்படி ஒரு பயணியின் பெட்டிகளுக்கு உச்ச இழப்பீடு 1,519 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள். நம் பணத்தில் ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல். இது உச்ச வரம்பே. இழப்பை மெய்ப்பித்த அளவுக்கே கிடைக்கும். சேதமெனில் ஏழு நாட்களுக்குள்ளும், பெட்டி தாமதமெனில் அது கைக்கு வந்த இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே நிறுவனத்தின் முகப்பில் புகார் பதிந்து படி வாங்கிக்கொள்வது இன்றியமையாதது. பொருளின் இயல்பான குறையால் விளையும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பன்று என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஊருக்கு வந்து திரும்புவோர் நம் பீங்கான் பொம்மைகளை நண்பர்களுக்கு வாங்கிச் செல்வது வழக்கம். அவற்றைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைப்பதே அறிவுடைமை.

நிறுவனமே நின்றுவிட்டால்?

பெரிய பெயர் என்பதால் மட்டும் உறுதி பிறந்துவிடாது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் நாளோடு பறப்பதை நிறுத்திற்று. கோ பர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. முன்கூட்டியே பணம் செலுத்தியிருந்தோர் அலைக்கழிந்தனர். ஆகவே ஒரு நிறுவனம் தள்ளாடுவதாகச் செய்தி வரும்போது, ஓராண்டுக்குப் பின் செல்ல வேண்டிய சீட்டை அதில் வாங்குவது விவேகமன்று. வான்வழியே அடைபடுவதும் உண்டு. 2025 சூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோகா வழியே செல்லவிருந்த ஆயிரக்கணக்கானோர் ஆங்காங்கே தங்க நேர்ந்தது. அத்தகைய வேளையில் ஒரே சீட்டு வைத்திருப்பவருக்கு மாற்று வழி தேடித் தர ஒருவர் இருக்கிறார். இரு சீட்டுக்காரர் தனித்து நிற்கிறார்.

ஐரோப்பாவில் இருப்போர் ஒன்றை அறிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, அங்கிருந்து புறப்படும் பயணத்தில், எந்நாட்டு விமானமாயினும், நிறுவனத்தின் குறையால் நெடுந்தாமதமோ இரத்தோ நேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. ஆனால் இங்கிருந்து அங்கே செல்கையில், ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாயிருந்தால்தான் அப்பாதுகாப்பு. நம் செவிலியரும் அருட்சகோதரிகளும் இவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்வார்களாக.

தாய்மார் தனியே செல்கையில்

மகளின் பேறுகாலத்துக்கென அமெரிக்கா செல்லும் தாய்மார் இன்று பலர். தென்னாற்காட்டுத் தமிழன்றி வேறொன்றும் அறியாத அவர்களை இரு இடங்களில் விமானம் மாற்றுவது கொடுமை. ஒரே இடத்தில் மாறும் வழியையும், இடையே குறைந்தது மூன்று மணி நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பதியுங்கள். நடக்க முடிந்தவராயினும் வழிகாட்ட ஒருவர் கிடைப்பார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. நடைபாதையோர இருக்கையும், அடிக்கடி தண்ணீரும், மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும் நல்லது. இருதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளோர் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும்.

பெட்டியா, பிள்ளையா?

இறுதியாக, ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் ஒரு சொல். பல இளைஞர் மோசமான விமானத்தைத் தேர்ந்தெடுப்பது தம் கஞ்சத்தனத்தால் அன்று. அத்தைக்குப் போர்வை, தம்பிக்குக் கைபேசி, பக்கத்து வீட்டாருக்கு வாசனைத் தைலம், எல்லோருக்கும் பேரீச்சம்பழம் என்று நாம் அனுப்பும் பட்டியலே அவர்களை அவ்வழியில் தள்ளுகிறது. அவற்றுக்குப் பணம் ஒதுக்க, இரு இடங்களில் மாறி, நிலையத் தரையில் படுத்து, ஒன்றரை நாள் கழித்து வந்து சேர்கின்றனர். முப்பது நாள் விடுமுறையில் போகவரக் கழியும் அந்நாட்கள் அவர்களுடையவை மட்டுமல்ல, நம்முடையவையும் கூட.

எனவே அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது பொருட்பட்டியலைச் சற்றுச் சுருக்குங்கள். "நேரே வரும் விமானத்தில், ஒரே டிக்கெட்டில், பகலில் இறங்கும்படி வா அப்பா; மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கும்" என்று சொல்லுங்கள். அவசர நேரத்துக்கென ஒரு பயணத்தின் தொகையை அவர்களும் தனியே சேமித்து வைக்கட்டும். பெற்றோர் முதிர்ந்துவிட்ட வீடுகளில் அத்தொகை, வாங்கி வரும் எந்தப் பொருளைவிடவும் விலைமதிப்புடையது.