உழைப்பும் உயிரும் - 9: சமையல் மேடை கொன்ற கதை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1930-31இல், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தண்ணீர் விடாமல் பாறையைத் துளைக்க வைத்தார்கள். கிளம்பிய சிலிக்கா தூசியில் நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சு முட்டிச் செத்தார்கள். அந்தத் தூசி, அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. இந்த நூற்றாண்டில் அது ஆஸ்திரேலியாவின் புத்தம் புதிய வீடுகளுக்குள் நுழைந்தது, சமையல் மேடை வழியாக.

நம் ஊர்க் கடைகளிலும் ‘குவார்ட்ஸ்’ என்று விற்கும் செயற்கைக் கல்தான் அந்த மேடை. குவார்ட்ஸ் கல்லை நொறுக்கி, பிசினும் நிறமும் சேர்த்து, அழுத்திப் பலகையாக்குகிறார்கள். கறை பிடிக்காது, கேட்ட நிறத்தில் கிடைக்கும். ஆனால், அதில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். கிரானைட்டில் சுமார் 30 சதவீதம். மார்பிளில் 5 சதவீதத்துக்கும் குறைவு.

கல் கல்லாக இருக்கும்வரை சிலிக்கா யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அறுக்கும்போதும், தேய்க்கும்போதும், துளை போடும்போதும்தான் ஆபத்து பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்; தும்மலில், சளியில் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே காவல் இருக்கும் அணுக்கள் அதை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் சாகின்றன. தூள் வெளியே வந்து அடுத்த அணுவைக் கொல்கிறது. இப்படியே தழும்பு மேல் தழும்பு விழுந்து, நுரையீரல் விரிய முடியாமல் இறுகிப்போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே அறிவித்துவிட்டது.

எவ்வளவு தூசி இருந்தால் ஆபத்து? ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். பத்தடிக்குப் பத்தடி சமையலறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறை முழுவதிலும் மிதக்கும் சிலிக்கா நுண்தூள் 1.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று சர்க்கரைக் குருணையின் எடை, அவ்வளவுதான். சிங்க் வைக்க மேடையில் ஓட்டை அறுக்கும் கட்டிங் மிஷின், தண்ணீர் இல்லாமல் ஓடினால், சில நிமிடங்களில் அறையே வெள்ளைப் புகையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2018இல் விழித்துக்கொண்டது. கல்லை உலர்வாக அறுக்கத் தடை போட்டது. கல்தச்சர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. 2019 மார்ச்சில் கோல்டு கோஸ்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு கல்தச்சர் சிலிக்கோசிஸால் இறந்தார். அவருக்கு வயது 36. பரிசோதிக்கப்பட்ட 1,000-க்கும் சற்று அதிகமானவர்களில் 200-க்கும் மேற்பட்டோருக்கு நோய் இருந்தது. ஐந்தில் ஒருவர்! சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிய பலருக்கு, சி.டி. ஸ்கேனில்தான் நோய் தெரிந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வந்த நோய், இவர்களில் பலருக்குப் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே வந்துவிட்டது.

‘சிலிக்காவை 40 சதவீதத்துக்குள் குறைத்துக்கொள்கிறோம், தடை வேண்டாம்’ என்று கல் தயாரிப்பாளர்கள் மன்றாடினார்கள். தேசியப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது. தண்ணீர், முகக்கவசம், பயிற்சி என்று விதிகள் போட்டும் பல பட்டறைகள் அவற்றைப் பின்பற்றவில்லை என்பதையும் அது எடுத்துக்காட்டியது. 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லுக்கு நாடு முழுவதும் தடை. உலகிலேயே இப்படித் தடை போட்ட முதல் நாடு ஆஸ்திரேலியாதான். இயற்கைக் கல்லுக்குத் தடை இல்லை. ஆனால், எந்தக் கல்லானாலும் கட்டுப்பாடில்லாமல் அறுக்கக் கூடாது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான். தூசியைத் தொழிலாளியின் மூக்கருகே தடுப்பது கடைசி வழி. பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே அதை அமுக்க வேண்டும்.

அதற்கு முதல் ஆயுதம் தண்ணீர். பிளேடின் மேல் இடைவிடாமல் தண்ணீர் விழுந்தால் தூள் சேறாகி விழுந்துவிடும். அந்தச் சேறு காய்வதற்குள் கழுவி அள்ள வேண்டும். காய்ந்தால் மறுபடி தூசிதான். தண்ணீர் விட முடியாத இடத்தில், பிளேடைச் சுற்றி மூடி போட்டு, நுண்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்குவதும், சட்டையில் படிந்ததைக் காற்றுக் குழாயால் ஊதுவதும் கூடாது. இவ்வளவுக்கும் பிறகுதான் முகக்கவசம். நம் தொழிலாளர்கள் முகத்தில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டையும் துண்டும் நுண்தூளைத் தடுக்காது. குறைந்தபட்சம் என்-95 வேண்டும். அதுவும் முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவு எளிய தண்ணீரை ஏன் விடுவதில்லை? கல் வேலை செய்பவர்களைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, ஷாக் அடிக்கும் என்ற பயம். நியாயமான பயம்தான், ஈரத்தில் பயன்படுத்தத் தகுந்த மிஷினும், கசியும் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் இருந்தால் அதைத் தீர்க்கலாம். இன்னொன்று, வீட்டுக்காரர். “மேஸ்திரி, இப்பத்தான் பெயின்ட் அடிச்சு முடிச்சோம். தண்ணி விட்டா சுவரெல்லாம் சேறாயிடும், பார்த்துக்கங்க.” இந்த ஒரு பேச்சுக்காக மிஷின் உலர்வாக ஓடுகிறது. கல்லறுப்பவர் வாங்கும் கூலியில், எதிர்த்துப் பேசும் தெம்பு அவருக்கு ஏது?

1948இல் வந்த நம் தொழிற்சாலைகள் சட்டமே சிலிக்கோசிஸை, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால், வீடு வீடாகப் போய்க் கல் பதிப்பவரைத் தேடி எந்த ஆய்வாளரும் வருவதில்லை. இருமலும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்குப் போனால், பலருக்குக் காசநோய் மாத்திரைதான் கிடைக்கிறது. என்ன வேலை செய்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியை மருத்துவர் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சட்டம் வீடு தேடி வரும்வரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. வீடு கட்டுகிறீர்களா? சிங்க் ஓட்டையும் விளிம்பு வேலையும் பட்டறையிலேயே, தண்ணீர் விட்டு முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் அறுத்தே ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில், தண்ணீரோடு அறுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் வேலையைக் கல் வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகும் கூடுதல் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சுவரில் தெறிக்கும் சேற்றை ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம். நுரையீரலில் படிந்த கல்லை எந்த மருத்துவராலும் எடுக்க முடியாது.

அடுத்த வாரம்: குஜராத்தின் கோத்ராவுக்குக் கல் உடைக்கப் போன மத்தியப் பிரதேசப் பழங்குடிகளும், உச்ச நீதிமன்றம் வரை போன அவர்களின் வழக்கும்.

(தொடரும்)