அணைக்கு உண்டு, வீட்டுக்கு இல்லையா?

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. தேனியில் இருக்கும் என் சித்தி அடுப்படியில் இட்லிக்கு மாவு கரைத்துக் கொண்டிருந்தாள். திடீரென்று மேலே கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து 'தொப்'பென்று விழுந்தது. நல்ல வேளை, சித்தியின் தலை தப்பியது. மாவுச் சட்டிதான் போயிற்று. அண்ணாந்து பார்த்தால் துருவேறிய கம்பிகள் இரண்டு, பட்டினி கிடந்தவனின் விலா எலும்பு மாதிரி துருத்திக் கொண்டு தெரிந்தன.

குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசி வந்தார். பார்த்தார். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. கொத்தனாரை அனுப்புறேன், அரை மணியில பூசிட்டுப் போயிருவாரு" என்றார்.

என் சித்தி அவ்வளவு லேசில் சமாதானம் அடைகிறவள் இல்லை. பிறந்தது கம்பத்தில், அவள் தகப்பனார் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைவித்தவர். "பெரியாறு அணையை வருஷா வருஷம் எத்தனை பேர் மலை ஏறிப் போய்ப் பார்க்கிறாங்க! இந்தக் கட்டடத்தைக் கட்டி முடிச்ச நாளிலேருந்து யாரு வந்து பார்த்தா? சொல்லுங்க தம்பி" என்று கேட்டாளாம்.

காரியதரிசியிடம் பதில் இல்லை. அன்று இரவு டெலிபோனில் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. என்னிடமும் பதில் இல்லாததால்தான், சகோதரிகளே, கொஞ்சம் விசாரித்து இதை எழுதுகிறேன்.

முதலில் சித்தி சொன்ன அணையையே எடுத்துக் கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால்தான் 14,707 ஏக்கரில் முதல் போகத்துக்கு நாற்றுப் பாவ முடியும். அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரைக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. தேனி பஸ் நிலையமே அவர் பெயரில்தான். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி, தைப் பொங்கலோடு அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிற ஊர்கள் அங்கே உண்டு.

1895-இல் கட்டி முடித்த அந்த அணையின் வயிற்றுக்குள் இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை. சுர்க்கி என்றால் வேறொன்றுமில்லை, சுட்ட செங்கல்லின் பொடி. நம் பாட்டன் காலத்து மச்சு வீடுகளில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார்களே, அந்தச் சுண்ணாம்புக் காரைக்கு இது பெரியண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த அணைக்கு 1979-இல் பெரிய வைத்தியம் ஆரம்பமாயிற்று. நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். இரும்பு வடங்களை உள்ளே இறக்கி நங்கூரம் பாய்ச்சினார்கள். முதுகுப் புறத்தில் கான்கிரீட்டால் அண்டை கொடுத்தார்கள். 2014-இல் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது, மேற்பார்வைக்கு மூன்று பேர் கொண்ட குழுவையும் சேர்த்தே நியமித்தது. 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமோ, தேசத்திலுள்ள பெரிய அணைகளை எல்லாம் மழைக் காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பரிசோதித்தே ஆக வேண்டும் என்கிறது. கசிகிற தண்ணீரைக்கூட அளந்து குறித்து வைக்கிறார்கள். இரண்டு மாநிலங்களுக்கும் இடையே நடக்கும் வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். வயதான ஒரு கட்டுமானத்தை இத்தனை கண்கள் பார்க்கின்றன என்பதை மட்டும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள்.

சித்தி குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம் 1993-இல் எழும்பியது. அப்போது தேனி தனி ஜில்லாகூட ஆகவில்லை. 18 குடித்தனங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. பெயின்ட் மட்டும் மூன்று தடவை அடித்திருக்கிறார்கள்!

கான்கிரீட் என்றால் சிரஞ்சீவி என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். உள்ளே இருப்பது இரும்புக் கம்பி அல்லவா? இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதைப் போர்த்திருக்கும் சிமென்டில் உள்ள சுண்ணாம்புச் சத்துத்தான். அந்தச் சத்து காற்றுப் பட்டுப் பட்டு, வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக் கொண்டு வரும். கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பம். ஈரமும் சேர்ந்து விட்டால் கேட்கவே வேண்டாம். துருவுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு: இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் போர்த்தியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சித்தியின் மாவுச் சட்டியில் விழுந்தது அப்படித் தள்ளப்பட்ட துண்டு.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினீயர்கள் செய்யும் ஒரு பரிசோதனை நமக்குப் புதிதே அல்ல. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைப் போட்டதும் 'ஜிவ்'வென்று சிவக்கிறதே, ஏறக்குறைய அதே வித்தைதான். தூணில் கொஞ்சம் கொத்தி, ஒரு திரவத்தைத் தெளிப்பார்கள். கான்கிரீட் ஆரோக்கியமாக இருந்தால் ரோஜா நிறம் காட்டும். சத்துப் போயிருந்தால் நிறமே வராது. இதைத் தவிர, பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பது போல் சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒலி அலையை அனுப்பி, எத்தனை சீக்கிரம் மறுபக்கம் வருகிறது என்று அளப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஓரிரு இடங்களில் குடைந்து, உருளையாக எடுத்துக் கொண்டு போய் நசுக்கிப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் வீண் பயம் என்கிறீர்களா? திருவொற்றியூரை மறந்து விட்டீர்களா? 2021, டிசம்பர் 27. வாரியம் கட்டிய அடுக்குக் குடியிருப்பு ஒன்று 24 வீடுகளோடு அப்படியே சரிந்து மண்மேடானது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏன் தெரியுமா? விரிசலைக் கண்டதும் அங்கே இருந்தவர்கள் குழந்தை குட்டிகளோடு வெளியேறி விட்டார்கள். எந்தக் கருவியும் இல்லை. கண்ணும் காதும்தான் காப்பாற்றின. பாத்திரம் பண்டம், பிள்ளைகளின் புஸ்தகம் எல்லாம் இடிபாட்டுக்குள் போயின. அந்தக் கட்டடம் எழும்பிய வருஷம் 1993. இதைச் சொன்னதும் சித்தி டெலிபோனில் சற்று நேரம் பேசவேயில்லை.

கண்ணும் காதும் எல்லாச் சமயமும் உதவுவதில்லை. அதே 2021-ஆம் வருஷம் ஜூன் 24-ஆம் தேதி அமெரிக்காவில், மயாமி அருகே கடலோரத்தில் 12 மாடிக் கட்டடம் ஒன்று நள்ளிரவுக்குப் பின் இடிந்து 98 பேர் மாண்டார்கள். மூன்று வருஷம் முன்பே, 2018-இல், ஓர் எஞ்சினீயர் வந்து பார்த்து, நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் தண்ணீர் இறங்கிக் கான்கிரீட் வெகுவாகப் பழுதாகி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு என்ன நடந்தது? கூட்டம் போட்டார்கள். செலவு அதிகம் என்றார்கள். நிர்வாகிகள் கோபித்துக் கொண்டு ராஜினாமாச் செய்தார்கள். ஒரு வழியாகப் பணம் பிரிக்க முடிவானபோது காலம் கடந்து விட்டது. நம் சங்கக் கூட்டங்களை நினைத்துக் கொண்டால் இந்தக் கதை அமெரிக்காவில் நடந்ததாகவே தோன்றவில்லை!

அதற்கு அடுத்த வருஷம் அந்த மாகாணமான பிளாரிடாவில் சட்டம் வந்தது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள சொந்த வீட்டு அடுக்ககங்கள் 30 வயதில் ஒரு தடவை, பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்தாக வேண்டும். சிங்கப்பூர்க்காரர்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்தவர்கள். நம்மவர் கடை கண்ணி நிறைந்த சிராங்கூன் சாலையில் 1986-இல் ஆறு மாடி ஹோட்டல் கட்டடம் ஒன்று நொறுங்கி 33 பேர் பலியானார்கள். கணக்குப் போட்டவர் கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்க மறந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. 1989 முதல் அங்கே குடியிருப்புகளுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை, மற்றக் கட்டடங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை கட்டாயம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேசத்திலேயே பம்பாயில் 30 வயதான கட்டடத்தைப் பதிவு பெற்ற எஞ்சினீயரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று மாநகராட்சிச் சட்டம் சொல்கிறது.

நம் பக்கத்தில்? இடிந்து விழும் நிலைக்கு வந்து விட்டால் நகராட்சி நோட்டீஸ் கொடுக்கலாம், காலி செய்யச் சொல்லலாம். அது வியாதி முற்றிய பிறகு வருகிற டாக்டர். 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்கக உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்குச் சொந்தக்காரர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிக் கொள்ளலாம் என்று வழி செய்திருக்கிறார்கள்; நல்லதுதான். ஆனால் இடிக்க வேண்டுமா, காப்பாற்றலாமா என்று தெரிவதற்கே முதலில் யாராவது வந்து பார்க்க வேண்டாமா? தேனியிலும் பெரியகுளத்திலும் போடியிலும் முப்பது வயதைத் தொட்ட மாடிக் குடியிருப்புகளின் கதவை எந்தக் குழுவும் தட்டப் போவதில்லை. குடியிருப்பவர்கள்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவது லேசா? சித்தி கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். "செலவு" என்றார் ஒருவர். "இத்தனை நாள் நிற்கிறது, இனிமேலா விழப் போகிறது?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதுதான் அசல் காரணம்: "ரிப்போர்ட்டுன்னு ஒரு காகிதம் வந்துட்டா அப்புறம் எவன் நம்ம வீட்டை நல்ல விலைக்கு வாங்குவான்?" சபையில் மௌனம். எல்லோர் மனசிலும் இருந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லி விட்டார்.

சித்தி வாதம் செய்யவில்லை. மறுநாள் கீழ்வீட்டு ஓய்வு பெற்ற டீச்சரையும் இன்னும் நாலு பெண்களையும் கூட்டிக் கொண்டு, டார்ச் விளக்கும் பென்சிலுமாகக் கட்டடத்தைச் சுற்றி வந்தாள். கார் நிறுத்தும் இடத்துத் தூணில், மேலிருந்து கீழாகக் கம்பியின் போக்கிலேயே ஓடிய விரிசல். அதன் ஓரத்தில் பழுப்புக் கறை. மாடி வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே எப்போதும் ஈரம். (அந்தக் கசிவுக்காக இரண்டு குடும்பங்கள் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை!) இரண்டாவது மாடியில் ஒரு வீட்டின் கதவு மட்டும் திடீரென்று மூட மாட்டேன் என்கிறது; நிலைப்படி மூலையிலிருந்து சாய்வாக ஒரு பிளவு. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார்கள், பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறிக்கிற மாதிரி. ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் தூணில் இருந்த விரிசல் கோட்டைத் தாண்டி மூன்று விரற்கடை நீண்டிருந்தது. ஆண்களை அழைத்து வந்து காட்டினார்கள். அதற்குப் பிறகு விலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு வார்த்தை. சுவர்ப் பூச்சில் தலைமயிர் போல் ஓடும் கோடெல்லாம் ஆபத்து இல்லை. நான் சொன்ன மூன்று மாதிரியில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் சும்மா இருக்கக் கூடாது. அப்போது கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி மெழுகி விடாதீர்கள். துரு உள்ளே தன் வேலையைச் செய்து கொண்டேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம். கூப்பிட வேண்டியவர் கட்டுமான வலுவைக் கணக்கிடத் தெரிந்த எஞ்சினீயர். ரிப்பேர்க் காண்டிராக்டையும் அவரே எடுப்பதாக இருந்தால் வேண்டாம். வைத்தியரே மருந்துக் கடையும் வைத்திருந்தால் சீட்டு நீளமாகத்தான் இருக்கும். எஞ்சினீயரிங் கல்லூரிகளின் சிவில் பிரிவுகளிலும் இத்தகைய பரிசோதனைகள் செய்து தருகிறார்கள்.

சித்தி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினீயர் வந்தார். தட்டினார், கொத்தினார், தெளித்தார். பெண்கள் எல்லாம் ஆரத்தி பார்க்கிற ஆவலோடு சுற்றி நின்றார்கள். பத்துத் தூண்களில் ரோஜா நிறம் வந்தது. குளியலறைகளுக்குக் கீழே இருந்த இரண்டில் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போனார்; தண்ணீர்ப் பஞ்சத்தின்போது யாரோ கொண்டு வந்து வைத்த இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள், தாங்குவதற்குக் கீழே உத்தரம் இல்லாத இடத்தில் தளும்பிக் கொண்டிருந்தன. "இதை இப்போதே காலி செய்யுங்கள்" என்றார். அன்று சாயங்காலமே இரும்பு முட்டுக்கால்கள் வந்து இறங்கின. இரண்டு தூண்களுக்கும் சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் சட்டை போட வேண்டும். அதற்கு முன் குளியலறைக் குழாய்களை மாற்றி ஈரத்தை நிறுத்த வேண்டும். கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. செலவைப் பத்து மாதத் தவணையாகக் கட்டுவதென்று முடிவு செய்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை என்று சங்கத்தின் விதிகளிலும் எழுதி, 18 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். விலையைப் பற்றிக் கவலைப்பட்டவர் கடைசி ஆளாகப் போட்டார்.

போன வாரம் தேனிக்குப் போயிருந்தேன். குழாய் வேலை முடிந்து, தூண் வேலை நடந்து கொண்டிருக்கிறது. அந்த இரண்டு குடும்பங்களும் பேசிக் கொள்கிறார்கள். முட்டுக்கால்களை இன்னும் எடுக்கவில்லை. அவற்றில் ஒன்றின் திருகாணியில் சித்தி தன் கோலமாவு வாளியைத் தொங்க விட்டிருக்கிறாள். "எடுக்கிற அன்னிக்கு எடுத்துக்கிறேன்" என்கிறாள்.