பால்ல தூக்க மாத்திரை போடலாமா?

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த நண்பர், டீக்கடையில் ஆரம்பித்தார். ''எங்க ஸ்க்ராப் யார்டுல ஒரு காட்டுப்பூனை சார். நாய் கடிச்சு பின்னங்கால் தொங்குது. பால்ல ரெண்டு தூக்க மாத்திரை போட்டா படுத்துடும்ல?''

படுத்துடும். எழுந்திருக்குமா என்பதுதான் கேள்வி!

ஏரிக்கரையிலும் கோரைப் புதரிலும் எலி பிடித்துப் பிழைக்கிற ஜீவன் அது. புதர் போய் ஷெட் வந்தால், பாவம், அது எங்கே போகும்?

சினிமாவில் துப்பாக்கி ஊசி பட்டதும் புலியே பொத்தென்று விழுகிறது. நிஜத்தில் மருந்து பிடிக்கவே சில நிமிஷம் ஆகும். சின்னப் பூனைக்கோ அந்த ஊசி வந்து மோதுகிற வேகத்திலேயே எலும்பு முறியலாம். அதனால் முதலில் கூண்டு வைத்துப் பிடிப்பார்கள். கூண்டுக்குள் ஓரமாக நெருக்கி, தொடையில் கையாலேயே ஊசி.

மருந்து, கிலோ கணக்கு. அதனால் பூனையைக் கூண்டோடு தராசில் ஏற்றி, கூண்டு எடையைக் கழிப்பார்கள். மூன்று கிலோ பூனையை ஐந்து கிலோ என்று குத்துமதிப்பாகப் போட்டால், மருந்து ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். நம்மூரிலேயே துருப்புள்ளிப் பூனை என்று ஒன்று உண்டு. ஒன்று, ஒன்றரை கிலோதான். அதற்கு ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து.

வழக்கமான ஜோடி கெட்டமைனும் சைலசினும். கெட்டமைன் மட்டும் போட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். சைலசின் அதைத் தளர்த்தும். ஆனால் வாந்தி வரும். அது மூச்சுக்குழலில் போனால் கதை முடிந்தது. வயிற்றில் பால் இருந்தால்? நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொரு வேடிக்கை, மயங்கினாலும் கண் மூடாது. விழி காயாமல் களிம்பு தடவி, துணியால் மூடுவார்கள். சின்ன உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். அதனால் தெர்மாமீட்டரும் கையுமாக ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆராய்ச்சிக்குப் பிடித்து ரேடியோ பட்டை கட்டுவதானாலும் இதே கவனிப்புதான்.

சைலசினை முறிக்க மருந்து உண்டு, கெட்டமைனுக்குக் கிடையாது. அவசரப்பட்டு எழுப்பினால் பூனை விறைத்துத் துடிக்கும். அரைத் தூக்கத்தில் வெளியே விட்டால் வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரி காத்திருக்கிறது. தள்ளாட்டம் முழுக்க நிற்கும்வரை இருட்டான கூண்டுதான்.

''அப்ப நான் சாக்கு போட்டுப் பிடிச்சிடவா?''

''நாய் கடிச்ச பூனை, உங்களைக் கடிச்சா வெறிநோய் ஊசி உங்களுக்கு. அனுமதியில்லாம பிடிச்சா 1972 வனவிலங்குச் சட்டப்படி கேஸும் உங்களுக்கு. வனத்துறைக்கு போன் போடுங்க. டாக்டரோட வருவாங்க.''

''அப்ப வாங்கின பால் பாக்கெட்?''

''ஸ்ட்ராங்கா ரெண்டு டீ போடச் சொல்லுங்க!''