சட்டென எழும் உந்துதல்: புரிந்துகொள்ளலும் கையாளலும்

கிளென் ஈடன் ரயில் நிலையத்தை ஒட்டிய கிளென்வியூ வீதிக் கடவையில் மணி ஒலிக்கும்போதே தாயின் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளையிடம் பின்னர் கேட்டுப் பாருங்கள். மணி ஒலித்தால் நிற்க வேண்டும் என்று பிழையின்றிச் சொல்லும். விதி தெரியும், உந்துதல் எழுவதற்கும் கால் நகர்வதற்கும் இடையே நிதானிக்கும் கணம்தான் அதற்கு வாய்க்கவில்லை.

அக்கணத்தைத் தருவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்க நிலை உள்ளவர்களிடம் அதன் கட்டுப்படுத்தும் பணி வேறுவிதமாக நடைபெறுகிறது. ஆட்டிசம் உள்ள சிலர் பேரொலியோ நெரிசலோ தாங்காமல் ஓடிவிடுவதுண்டு. நம் குடும்பங்களில் இரண்டுக்கும் ‘வளர்ப்புச் சரியில்லை’ என்ற ஒரே பெயர்தான். அச்சொல் பெற்றோரைக் குறுகச் செய்து, மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுக்கிறதேயன்றி வேறு பயன் தருவதில்லை.

ஆகவே, உள்ளே வாய்க்காத இடைவெளியை வெளியே அமைத்துக்கொள்ள வேண்டும். கடவைக்குச் சற்று முன்பாக ஓர் இடத்தைக் குறித்து, ஒவ்வொரு நாளும் அங்கேயே நின்று பழக்குங்கள். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நில்’ என்ற ஒரு சொல் விரைவில் சென்றடையும். நின்றவுடன் பாராட்டுங்கள், மாலையில் பாராட்டினால் பிள்ளைக்கு அது எதற்கென்று விளங்காது.

பெரியவர்களுக்கு இழப்பு பெரும்பாலும் பணத்தில் நேர்கிறது. கைபேசியில் சேமித்த வங்கி அட்டை விவரங்களை நீக்கிவிடுங்கள். கோபத்தில் எழுதிய மின்னஞ்சலை மறுநாள் காலை அனுப்புங்கள். சட்டமும் சில இடைவெளிகளைத் தருகிறது. அழைக்காமலே வீட்டுக்கு வந்தோ தொலைபேசியிலோ விற்பவரிடம் 100 டாலருக்கு மேல் வாங்க ஒப்பந்தம் செய்திருந்தால், ஒப்பந்தப் பிரதி கிடைத்ததிலிருந்து 5 வேலைநாட்களுக்குள் இரத்துச் செய்யலாம். சூதாட்டக் கூடங்களிலிருந்து உங்களை 2 ஆண்டுகள் வரை விலக்கி வைக்குமாறு நீங்களே கோரவும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. சூதாட்ட உதவி எண்: 0800 654 655.

2026 பெப்ரவரி 1 முதல், உரிய பயிற்சியுள்ள குடும்ப மருத்துவர்களும் செவிலிய மருத்துவர்களும் 18 வயதுக்கு மேற்பட்டோரின் ஏ.டி.எச்.டி. நிலையைக் கண்டறிந்து, மருந்தைத் தொடங்க முடியும். பிள்ளைகளுக்கும் முதலில் குடும்ப மருத்துவரையே நாடுங்கள். முன்பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். மனம் கலங்கும் வேளையில் 1737 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிருக்கு ஆபத்தெனில் 111.