ஒரு ‘ஹேட்’ புரியாமல் ஆறு வாரம்

1986ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் தோட்டத்து லயத்துக்கு என் பெயரில் ஒரு கடிதம் வந்தது. எஸ்.பி.எம். முடித்துவிட்டுக் கண்ட இடத்துக்கெல்லாம் மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாடு பொருளாதார மந்தத்தில் இருந்தது. வேலை என்பது குதிரைக் கொம்பு. அந்த நேரத்தில் கிள்ளானில் உள்ள ஒரு நிறுவனம் எனக்குப் பதில் எழுதியிருக்கிறது என்றால் சும்மாவா? அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையைத் தொட்டுப் பார்த்தார்.

கடிதத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

“ஹேட் யுவர் அப்ளிகேஷன் ரீச்ட் அஸ் பிஃபோர் த குளோசிங் டேட், வீ வுட் ஹேவ் பீன் பிளீஸ்ட் டு கால் யூ ஃபார் அன் இன்டர்வியூ.”

நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் எனக்கு ஒரு பாடம் மட்டும்தான். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ‘பிளீஸ்ட்’ என்றால் மகிழ்ச்சி. ‘கால்’ என்றால் அழைப்பது. ‘இன்டர்வியூ’ தெரிந்த சொல். ‘வுட்’ என்பது ‘வில்’லுக்கு மரியாதையான வடிவம் என்று எப்போதோ படித்தது நினைவிருந்தது. கூட்டிப் பார்த்தேன்: உங்கள் மனு கிடைத்தது, உங்களை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதில் மகிழ்ச்சி அடைவோம்.

அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து எனக்குக் கறுப்புச் சப்பாத்தும் இரண்டு நீளக் கால்சட்டையும் வாங்கினார். அந்த வாரமே கிள்ளான் மாமா ஆள் அனுப்பியிருந்தார், இரும்புக் கடை ஒன்றில் கணக்கெழுத ஆள் தேவை, உடனே வரச் சொல் என்று. “வேலை கிடைச்சிருச்சு, மாமாகிட்ட சொல்லிடுங்க” என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினேன்.

ஆறு வாரம் போயிற்று. தபால்காரர் வந்தார், போனார். கடைசியில் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். கிராணி ஐயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“தம்பி, இது கூப்பிட்ட லெட்டர் இல்லப்பா. கூப்பிட மாட்டோம்னு சொன்ன லெட்டர்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “கால் யூ ஃபார் அன் இன்டர்வியூன்னு போட்டிருக்கே, ஐயா?”

அவர் என்னை உட்காரச் சொன்னார். “சரி, நான் தமிழ்ல சொல்றேன். ‘நீ நேத்து வந்திருந்தா காசு குடுத்திருப்பேன்’. இப்படிச் சொன்னா நீ வந்தியா?”

“வரல.”

“நான் குடுத்தேனா?”

“குடுக்கல.”

“அதேதான் இது. உன் மனு தேதிக்குள்ள வந்து சேரல. அதனால கூப்பிடல. மரியாதையா எழுதியிருக்கான், அவ்வளவுதான்.”

அந்த இரண்டு நிமிடத்தில் கிராணி ஐயா சொல்லித் தந்ததை ஐந்து ஆண்டு இடைநிலைப்பள்ளியில் நான் கற்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. எங்களுக்குக் கரும்பலகையில் ஓர் அட்டவணை போட்டுக் காட்டினார்கள்: முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை. ‘இஃப்’ பக்கத்தில் இது வரும், ‘வுட்’ பக்கத்தில் அது வரும். தேர்வு முடிந்ததும் அட்டவணை மறந்துவிட்டது. வகைக்கு எண் கொடுத்துக் கற்பிப்பதில் இன்றுவரை எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்பவர் அந்தக் காரியம் நடக்கும் என்று நினைக்கிறாரா, இல்லையா? நிபந்தனை வாக்கியத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நம்மில் பலர் மூன்றாம் வகைதான் கடினம் என்று பயப்படுகிறோம். தமிழருக்கு அதுதான் எளிது. ‘வந்திருந்தால் கொடுத்திருப்பேன்’ என்று நம் பாட்டிமார்கூடப் பிழையில்லாமல் பேசுவார்கள். ‘வந்திருந்தால்’ என்பது ஆங்கிலத்தின் ‘இஃப் யூ ஹேட் கம்’. ‘கொடுத்திருப்பேன்’ என்பது ‘ஐ வுட் ஹேவ் கிவன்’. ‘இருந்தால்’ வரும் இடத்தில் ‘ஹேட்’, ‘இருப்பேன்’ வரும் இடத்தில் ‘வுட் ஹேவ்’. என் கடிதத்தில் ‘வுட்’டுக்கு அடுத்து நின்ற அந்தச் சின்ன ‘ஹேவ்’ஐ நான் தாண்டிப் போய்விட்டேன். அதுதான் நேர்முகத் தேர்வு இல்லை என்று சொன்ன சொல்.

என்னை ஏமாற்றிய இன்னொன்று, வரியில் ‘இஃப்’ என்ற சொல்லே இல்லாதது. அலுவலகக் கடிதங்களில் ‘இஃப்’ஐ எடுத்துவிட்டு ‘ஹேட்’டை முன்னால் நிறுத்தும் வழக்கம் உண்டு. ‘இஃப் யுவர் அப்ளிகேஷன் ஹேட் ரீச்ட் அஸ்’ என்பதுதான் ‘ஹேட் யுவர் அப்ளிகேஷன் ரீச்ட் அஸ்’ ஆகிறது. கேள்விக்குறி இல்லாமல் ஒரு வாக்கியம் ‘ஹேட்’, ‘வேர்’, ‘ஷுட்’ என்ற மூன்றில் ஒன்றோடு தொடங்கினால் அங்கே ஒரு ‘இஃப்’ ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

‘ஷுட்’ வீட்டுக்கு வீடு வரும் சங்கதி. எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டு அக்கா ஒருநாள் கடன் கடிதத்தோடு ஓடி வந்தார். ‘ஷுட் யூ ஃபெயில் டு பே’ என்று தொடங்கியிருந்தது. “ஷுட்னா ‘வேணும்’தானே, ஃபெயில்னா தோக்கிறது. என்னைத் தோக்கணும்னு எழுதியிருக்கானா தம்பி?” சிரிப்பு வந்தாலும் அவர் படித்ததில் அகராதிப் பிழை ஒன்றுமில்லை. அங்கே ‘ஷுட்’ என்பது ‘ஒருவேளை’. ஒருவேளை கட்டத் தவறினால் இன்னின்ன நடக்கும். அவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அது எல்லாருக்கும் அனுப்பும் கடிதம்.

நமக்கு உண்மையில் கடினமானது இரண்டாம் வகைதான். காரணம், தமிழில் அது தனியாக இல்லை. ‘நாளைக்குச் சம்பளம் வந்தால் கடனைக் கட்டுவேன்.’ ‘லாட்டரியில் பத்து லட்சம் வெள்ளி விழுந்தால் கடனைக் கட்டுவேன்.’ முதலாவது நடக்கப் போவது, மற்றது பகல் கனவு. நமக்கோ இரண்டுக்கும் ஒரே ‘கட்டுவேன்’. கேட்பவர் நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலம் முகத்தைப் பார்க்காது, வினையைப் பார்க்கும். சம்பளத்துக்கு ‘இஃப் ஐ கெட் மை சேலரி, ஐ வில் பே’. லாட்டரிக்கு ‘இஃப் ஐ வன் த லாட்டரி, ஐ வுட் பே’.

மலாய் இந்த விஷயத்தில் இன்னும் தாராளம். ‘கலாவ்’ என்று ஆரம்பித்தால் போதும், வினை அசையாது. நாளைய மழைக்கும் அதே ‘கலாவ்’, நேற்று நழுவியதற்கும் அதே ‘கலாவ்’. அந்தப் பழக்கத்தில் கோப்பிக் கடையில் ‘இஃப் ஐ நோ, ஐ கம் ஆல்ரெடி’ என்கிறோம். எதிரே இருப்பவருக்கு நன்றாகவே புரியும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடிதத்தில் எழுதினால்தான் சிக்கல்.

‘வன்’ என்பது இறந்தகாலம் ஆயிற்றே, இனிமேல் விழப்போகும் லாட்டரிக்கு அது எப்படி வரும்? பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். அவர்களுக்கு நான் தமிழைத்தான் காட்டுவேன். ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோம். ‘வந்தால்’ என்பதைப் பிரித்தால் ‘வந்த்’, ‘ஆல்’. அந்த ‘வந்த்’ ‘வந்தான்’, ‘வந்தேன்’ என்பவற்றில் உள்ள அதே இறந்தகால வடிவம். நாளைக்கு நடக்க வேண்டியதை இறந்தகால வினையோடு ‘ஆல்’ சேர்த்துத்தான் நாமும் சொல்கிறோம். நமக்கு அது உறுத்துவதே இல்லை. ‘உன் இடத்தில் நான் இருந்தால்’ என்று புத்தி சொல்கிறோமே, அதுதான் ‘இஃப் ஐ வேர் யூ’. ‘இருந்த்’ இருக்கும் இடத்தில் ‘வேர்’. பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்பாரும் உண்டு. தேர்வுத் தாளில் ‘வேர்’ என்றே எழுதுங்கள்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னாளில் நான் விலை கொடுக்கப் பார்த்தேன். சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வாடிக்கையாளரிடம் ‘பத்து விழுக்காடு கழிவு தந்தால் அதிகச் சரக்கு தருவீர்களா’ என்று ஆழம் பார்க்கும்படி முதலாளி சொன்னார். நான் ‘இஃப் யூ கிவ் அஸ் மோர் கார்கோ, வீ வில் கிவ் யூ டென் பர்சென்ட் டிஸ்கவுன்ட்’ என்று தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். படித்த முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அது விசாரணை இல்லை, வாக்குறுதி. அவர் எழுதச் சொன்னது ‘இஃப் வீ கேவ் யூ டென் பர்சென்ட், வுட் யூ கிவ் அஸ் மோர் கார்கோ?’ ‘கேவ்’, ‘வுட்’ என்று எழுதினால் இன்னும் கொடுக்கவில்லை, பேசித்தான் பார்க்கிறோம் என்று பொருள். பேரம் பேசுகிறவர்கள் இதை விடவே மாட்டார்கள். நல்லவேளை, கடிதம் தபாலில் போகவில்லை.

முதல் வகையில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும். ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ போடாதீர்கள். ‘இஃப் இட் ரெயின்ஸ்’தான், ‘இஃப் இட் வில் ரெயின்’ அல்ல. தமிழிலும் ‘மழை பெய்தால்’ என்றுதான் சொல்கிறோம், எதிர்காலத்தை உள்ளே நுழைப்பதில்லை. (‘இஃப் யூ வில் வெயிட் எ மொமன்ட்’ என்று வரவேற்பறையில் சொல்வது வேறு. அது தயவுசெய்து காத்திருங்கள் என்ற வேண்டுகோள்.) அதேபோல ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று அமெரிக்கர் சிலர் பேசக் கேட்கலாம். தேர்வில் ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்றே எழுதுங்கள். ‘அன்லெஸ்’ உள்ளே ஏற்கெனவே ஓர் ‘இல்லை’ இருக்கிறது. அதோடு ‘டோன்ட்’ சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

காதுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். பேச்சில் ‘ஹேட்’, ‘வுட்’ இரண்டும் தேய்ந்து வெறும் ‘ட்’ ஆகிவிடுகின்றன. ‘இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்.’ முதல் ‘ஐட்’ என்பது ‘ஐ ஹேட்’, அடுத்தது ‘ஐ வுட்’. எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் இப்போது செவிமடுத்தலுக்குத் தனித்தாள் இருப்பதால் இதையும் பழகிக்கொள்வது நல்லது.

என் அக்கா மகள் இந்த ஆண்டு படிவம் ஐந்து. சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் அந்த 1986 கடிதத்தின் கதையைச் சொன்னேன். அடகு வைத்த தோடு மூழ்கிப்போனதையும், அம்மா அதன்பிறகு கடைசிவரை காதில் பிளாஸ்டிக் பூவே போட்டிருந்ததையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மாமா, அப்பவே அந்த லெட்டர் புரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“இரும்புக் கடைக்குப் போயிருப்பேன். தோடும் இருந்திருக்கும்.”

அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: ‘இஃப் மை அங்கிள் ஹேட் அண்டர்ஸ்டுட் த லெட்டர், மை கிராண்ட்மதர் வுட் கீப் ஹெர் இயரிங்ஸ்.’

நான் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘வுட்’டுக்குப் பக்கத்தில் ஒரு ‘ஹேவ்’ போட்டு, ‘கீப்’பைக் ‘கெப்ட்’ ஆக்கினேன்.